மூன்றாவது குழாய்

"கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு குழாயைக் கொண்டுபோய் எப்படிம்மா வைக்கிறது?"

டாக்டர் தெய்வசிகாமணி கடைசியில் கேட்டேவிட்டார். கேட்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் மெஹருன்னிசா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க சார்," என்றாள்.

"அதான் கேட்டுட்டேனேம்மா."

அவள் தலையை ஆட்டினாள். டீயைக் குடித்தாள். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு வார்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

சிகாமணிக்குச் சுருக்கென்று தைத்தது. கேளுங்க என்கிறாள், கேட்டால் எழுந்து போகிறாள். இதற்கா முதுகு ஒடிய இவ்வளவு தூரம் வந்தோம் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. வயிற்று ஆப்பரேஷன் என்றால் நாமக்கல் பக்கம் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான். வயிற்றில் சின்னதாக ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையில் பார்த்தபடியே வேலையை முடித்துவிடுவார். அவர் பார்க்காத மூலை முடுக்கு மனித வயிற்றில் கிடையாது.

அவருடைய தியேட்டரில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. இதே மெஹருன்னிசா அவரிடம் படித்தவள்தான். மயக்கம் கொடுக்காத ஒரு நோயாளியிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தாள் என்று, பாதி ஆப்பரேஷனில் அவளை வெளியே போகச் சொன்னவர் அவர்.

இன்றைக்கு அவளிடம் வந்து நிற்கிறார். காலம் யாரை விட்டது.

மலையடிவாரத்தில் நாலு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி அவளுடையது. கேமரா கிடையாது. ஆனால் அவள் வைத்த குழாய் அடைத்துக்கொண்டது என்று யாரும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை.

சிகாமணி தனக்காக வரவில்லை. நாச்சிமுத்துவுக்காக வந்தார்.

நாச்சிமுத்து லாரி டிரைவர். வடக்கே குஜராத், கிழக்கே அசாம் என்று முட்டை லோடும் இரும்பு லோடும் ஏற்றிப் போய் வந்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. சொட்டு மூத்திரம் இறங்கி மூன்று வருஷமாகிறது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொஞ்ச காலம் ஓட்டினார்கள். அப்புறம் கை நரம்பு அடைத்தது. கழுத்து நரம்பும் அடைத்தது. இப்போதைக்குத் தொடையில் ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறார்கள், அதிலும் சீழ் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

மிச்சமிருக்கிற வழி வயிறுதான். மெத்தென்ற ஒரு குழாயை வயிற்றுக்குள் வைத்து, மருந்துத் தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, திரும்ப வடித்துவிட வேண்டும். உடம்பின் அழுக்கு அந்தத் தண்ணீரோடு வந்துவிடும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஆனால் குழாயின் நுனி அடிவயிற்றுக் குழியில் போய்ப் படுக்க வேண்டும். அங்கே படுத்தால் தண்ணீர் போகும், வரும். வேறெங்கே படுத்தாலும் போகும், வராது.

சிகாமணி இரண்டு குழாய் வைத்தார். இரண்டையும் மயக்கம் கொடுத்து, கேமராவில் பார்த்துத்தான் வைத்தார். முதல் குழாயைக் குடல்மேல் தொங்குகிற கொழுப்புத் திரை வந்து சுற்றிக்கொண்டது. இரண்டாவது நாளாக நாளாக மேலே ஏறி, விலா எலும்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கிய கதைதான்.

இதற்குள் நாச்சிமுத்துவின் இதயம் தளர்ந்துவிட்டது. மயக்கம் கொடுக்கிற டாக்டர் கையை விரித்துவிட்டார். தூங்க வைப்பேன், எழுப்புவேன் என்று சொல்ல மாட்டேன் என்றார். கேமரா விட வேண்டுமானால் வயிற்றைக் காற்றடித்து ஊத வைக்க வேண்டும், அதையும் அந்த இதயம் தாங்காது. ஆக, ஆள் முழித்திருக்கும்போதே தோலை மரக்கடித்து, சின்னதாகக் கீறி, கண்ணால் பார்க்காமல் வைத்தாக வேண்டும்.

இது தவறினால் நாலாவது கிடையாது. நாச்சிமுத்துவுக்கும் தெரியும், அவர் சம்சாரம் பாவாயிக்கும் தெரியும். ஆம்புலன்சில் வரும்போது பாவாயி, இதுவும் போச்சுன்னா என்னங்க பண்றது என்று கேட்டாள். சிகாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

மறுநாள் காலையிலும் போய்க் கேட்டார். எவ்வளவு நீளம் உள்ளே விடுவாள், எந்தச் சாய்வில் விடுவாள், போய்ச் சேர்ந்துவிட்டது என்று கைக்கு எப்படித் தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டார். தொழில் ரகசியமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே சொல்ல மாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. அவரை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாச்சிமுத்துவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார்."

அவ்வளவுதான். அவள் போய்விட்டாள்.

சிகாமணி உட்கார்ந்தார். நாச்சிமுத்து பதறி எழப் பார்த்தார். படுங்க படுங்க என்றார் சிகாமணி. அதற்கப்புறம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாச்சிமுத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், டாக்டர் படத்தைப் பார்க்கிறாரே என்று மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து சிகாமணி எழுந்து போனார். பழைய கணக்கைத் தீர்க்க அவள் தன்னை நாற்காலியில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கிறாள் என்றே அவருக்குப் பட்டது. நாம் வெளியே போகச் சொன்னோம், இவள் உட்காரச் சொல்கிறாள் என்று உள்ளுக்குள் புழுங்கினார்.

அன்று மதியம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

குழாய் வயிற்றிலிருந்து வெளியே வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். சிகாமணியாக இருந்தால் ஆளை மேஜையில் படுக்க வைத்துப் புள்ளி போட்டிருப்பார். மெஹருன்னிசா நாச்சிமுத்துவை எழுப்பி நிற்க வைத்தாள். வீட்டில் கட்டுகிற மாதிரி லுங்கியைக் கட்டச் சொன்னாள். அப்புறம் ஸ்டியரிங் முன்னால் உட்காருகிற மாதிரி உட்காரச் சொன்னாள். வயிறு மடிந்தது. சிகாமணி மனசுக்குள் புள்ளி வைத்திருந்த இடம் மடிப்புக்குள் காணாமல் போனது. லுங்கி முடிச்சும் மடிப்பும் படாத ஓர் இடத்தில் அவள் பேனாவால் குறித்தாள்.

சிகாமணிக்கு ஒரே சந்தோஷம். இதுதான் வித்தை, பிடித்துவிட்டேன் என்று நினைத்தார். முன்னால் வைத்த குழாயின் வாயெல்லாம் ஏன் புண்ணானது என்று இப்போது புரிகிறது என்று அவளிடமே சொன்னார்.

"இதை யார் வேணாலும் பண்ணலாம் சார்," என்றாள் அவள்.

அந்தச் சந்தோஷமும் போயிற்று.

*

நாச்சிமுத்துவுக்கு முன்னால் அவளிடம் இன்னொரு நோயாளி இருந்தார். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா. அந்த ஆப்பரேஷனைப் பக்கத்தில் நின்று பார்க்க சிகாமணி அனுமதி கேட்டார். தாராளமாக என்றாள் மெஹருன்னிசா.

தியேட்டரா அது. சந்தைக்கடை. மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் அவள் கத்தியைப் பிடித்திருக்கிறாள், அந்தப் பக்கம் பூக்காரம்மா மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். மெஹருன்னிசா நடுநடுவே எண்ணெய் ஊற்றுகிறாள். அப்புறம் உங்க மகன் என்ன சொன்னாரு, அவரு வாயைத் திறக்கலையா என்று.

சிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கண் அவள் கையை விட்டு நகரவில்லை. குழாய் எந்தச் சாய்வில் போகிறது, எங்கே நிற்கிறது, மணிக்கட்டு எப்போது திரும்புகிறது. ஒரு கட்டத்தில் பூக்காரம்மா பேச்சை நிறுத்திவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்து, ஏதோ முணுமுணுத்தாள். மெஹருன்னிசா, சரிங்கம்மா என்று சொல்லிக் குழாயைக் கட்டினாள்.

தண்ணீர் போனது. தண்ணீர் வந்தது.

சிகாமணி அசந்துபோனார். கை கழுவும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் மணிக்கட்டை இடது பக்கம் லேசாகத் திருப்பினாயே, அதுதானே என்றார்.

"திருப்பினேனா சார்? எனக்குத் தெரியலையே."

"நான் பார்த்தேன்மா."

"நீங்க நல்லாப் பார்ப்பீங்க சார்," என்றாள் அவள். அது பாராட்டா, குத்தலா என்று அவருக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் போய்ச் சொன்னார்.

"நீயே வச்சிரும்மா. என்னால ஆகாது. எனக்குப் பயமா இருக்கு."

மெஹருன்னிசா அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நாச்சிமுத்துவிடமே போய்ச் சொல்லிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

சிகாமணி போய்ச் சொன்னார். இந்த டாக்டரம்மா இதில் பெரிய கைகாரி, அவரே வைக்கட்டும் என்றார்.

நாச்சிமுத்து மாட்டேன் என்றார். சிகாமணியை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். வெட்டினாலும் சாமி கைதான், ஒட்டினாலும் சாமி கைதான், வேற கை என் வயித்துல படக்கூடாதுங்க என்றார். ரெண்டு தடவை தோற்ற கையை இப்படி நம்புகிறாரே என்று சிகாமணிக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

*

காலையில் தியேட்டருக்குள் கொண்டுவந்தார்கள்.

நாச்சிமுத்துவால் மட்டமாகப் படுக்க முடியாது, மூச்சு வாங்கும். தலைப்பக்கம் தூக்கி வைத்தார்கள். தலைமாட்டில் ஸ்டெல்லா சிஸ்டர் மானிட்டரைப் பார்த்தபடி நின்றாள். ரொம்ப நேரம் தாங்காது சார், இழுத்துக்கிட்டே போயிடாதீங்க என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

மெஹருன்னிசா ஓரமாகக் கைகட்டி நின்றாள். கையுறைகூடப் போடவில்லை.

கழுத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். நாச்சிமுத்துவின் முகம் மறைந்தது. சிகாமணிக்கு அதுதான் வழக்கம். வயிறு தெரிந்தால் போதும், முகம் எதற்கு.

"அசையக் கூடாது. பேசக் கூடாது," என்றார்.

"சரிங்க சாமி."

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம்தான் வந்தது. கயிறு போட்டு இறுக்கின லோடு மாதிரி அந்த மனுஷர் கிடந்தார்.

ஊசி போட்டு மரக்கடித்தார். தொப்புளுக்குப் பக்கவாட்டில் கீறினார். தசையை விலக்கினார். உள்சவ்வைத் திறந்தார். இதெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அப்புறம் குழாயைக் கையில் எடுத்தார்.

அந்தச் சின்னத் துளைக்குள் இருட்டு. திரை இல்லை, வெளிச்சம் இல்லை. மனசில் படம் போட்டுக்கொண்டு, அவள் செய்த அதே சாய்வில், கீழ்நோக்கி விட்டார். மணிக்கட்டை லேசாக இடது பக்கம் திருப்பினார்.

"தண்ணி விடுங்க."

பையிலிருந்து தண்ணீர் சரசரவென்று உள்ளே போனது.

"இறக்குங்க."

பையைத் தரைக்கு இறக்கினார்கள். எல்லோரும் குழாயையே பார்த்தார்கள். சொட்டு. இன்னொரு சொட்டு. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

சிகாமணி குழாயை உருவினார். மறுபடி விட்டார். மறுபடி தண்ணீர் போனது. மறுபடி வரவில்லை.

"சார், பல்ஸ் ஏறுது," என்றாள் ஸ்டெல்லா.

அவருடைய நெற்றி வேர்வையை யாரோ ஒற்றினார்கள். இன்னொரு சாய்வில் விட்டார். இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டார். குழாய் போய் எதிலோ முட்டியது. எதில் என்று தெரியவில்லை. குடலா, எலும்பா, அந்தப் பாழாய்ப்போன கொழுப்புத் திரையா. மறுபடி தண்ணீர் விடச் சொன்னார்.

இறக்கினார்கள். சொட்டுகூட வரவில்லை.

"சார், மூச்சு வாங்குறாரு. சீக்கிரம்."

கதவுக்கு வெளியே பாவாயி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய் என்ன சொல்வது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்ல இங்கே ஜன்னல்கூட இல்லை.

சிகாமணி திரும்பினார்.

"மேடம்," என்றார். அவளை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. "சொல்லுங்க மேடம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

மெஹருன்னிசாவின் முகமும் வெளிறித்தான் இருந்தது. கட்டின கையை அவள் அவிழ்க்கவில்லை.

"கேளுங்க சார்."

அவருக்குக் கட்டுப்பாடு போய்விட்டது.

"கேட்டுக்கிட்டேதானே இருக்கேன்! வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டேதானே இருக்கேன்!"

தியேட்டர் அதிர்ந்தது. மானிட்டர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பயந்த குரல்.

"ஏனுங்க சாமி... என்னைங்களா கேட்டீங்க? காதுல விழுகலீங்க."

சிகாமணி அப்படியே நின்றார்.

துணியைப் பார்த்தார். மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பத் துணியைப் பார்த்தார்.

அப்புறம் துணியின் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். ஸ்டெல்லா தயங்கிக்கொண்டே அதைத் தாழ்த்தினாள். வயிற்றுப் பக்கம் அழுக்குப் படாதபடி ஒரு சாண் மட்டும் விட்டு வைத்தாள். நாச்சிமுத்துவின் முகம் தெரிந்தது. வேர்த்துக் கொட்டியிருந்தது.

"ஆமாங்க," என்றார் சிகாமணி. "உங்களைத்தான் கேட்டேன். உள்ள எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. ஒண்ணும் பிரச்சனையில்லீங்க."

எந்த டாக்டர் கேட்டாலும் எந்த நோயாளியும் சொல்கிற பதில். இதற்கு மேல் என்ன கேட்பது. சிகாமணி இதில் பழகினவர் இல்லை, பாவம்.

"நல்லா இல்லைங்க," என்றார் கடைசியில். "நான் வழி தெரியாம நிக்கிறேன். எங்க போய் முட்டுதுன்னு எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுதா?"

நாச்சிமுத்து அவரை உற்றுப் பார்த்தார். டாக்டர் விளையாடுகிறாரா என்று பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்தது.

"வலது விலாவுக்கு அடியில சுருக்குங்குதுங்க. முந்தியே அப்படித்தாங்க. சாமி பேச வேண்டாம்னு சொன்னீங்க, நான் கம்முனு இருந்துட்டேன்."

வலது விலாவா. கீழே போவதாக நினைத்துக்கொண்டு மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சிகாமணி குழாயைப் பின்னுக்கு இழுத்தார்.

"இப்போ?"

"விட்டுருச்சுங்க."

"இப்போ?"

"தொப்புளுக்கு இந்தப் பக்கம் வருதுங்க. இருங்க... நிறுத்துங்க. கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க."

ஸ்டெல்லா சிஸ்டர் மாஸ்க்குக்குள் சிரித்துவிட்டாள். நாச்சிமுத்துவுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. சந்துக்குள் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கீழே நின்று குரல் கொடுப்பான் இல்லையா, அந்தக் குரல் தானாக வந்துவிட்டது.

"வரட்டுங்க... வரட்டும்... லெப்ட்ல ஒடிங்க. ம். அப்படியே ஸ்டெடியா. வரட்டும்... வரட்டும்..."

சிகாமணி கண்ணை மூடிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, அவராக மூடிக்கொண்டார். அந்தக் குரல் போன வழியே கையை விட்டார்.

"வரட்டும்..."

குரல் நின்றுவிட்டது.

"இப்போ?" என்றார் சிகாமணி.

பதில் இல்லை.

"நாச்சிமுத்து. இப்போ?"

அவர் கண்ணைத் திறந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் மானிட்டரைப் பார்த்து, இருக்காரு சார் என்று தலையசைத்தாள்.

நாச்சிமுத்துவின் கண் திறந்துதான் இருந்தது. உதடு கோணிக்கொண்டு நடுங்கியது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. வலிக்குதா?"

"இல்லீங்க."

"பின்னே?"

"சொல்லக்கூடாதுங்க சாமி. பொம்பளைங்க இருக்காங்க. அதுவுமில்லாம... எனக்குப் புத்தி பெரண்டுருச்சோன்னு இருக்குதுங்க."

கையைக் குழாயிலிருந்து எடுக்க முடியாது. சிகாமணி உடம்பை வளைத்து, துணிக்கு மேலாகக் கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினார். காதைக் கொடுத்தார்.

நாச்சிமுத்து முணுமுணுத்தார்.

"ஒண்ணுக்கு வருதுங்க."

பூக்காரம்மா வெட்கப்பட்டு முணுமுணுத்தது இதைத்தானா என்று சிகாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாகச் சொட்டு இறங்காத ஆள். நீர்ப்பை காய்ந்த தோல்பை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. அதன்மேல்தான், அந்தக் குழியின் அடியில்தான், குழாயின் நுனி போய்ப் படுத்திருக்கிறது. கையை ஒரு நூல்கூட அசைக்காமல், தண்ணி விடுங்க என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னார்.

தண்ணீர் போனது.

"இறக்குங்க."

பையை இறக்கினார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் குழாய் ஒரு தரம் துள்ளியது. கம்பி மாதிரி விழத் தொடங்கியது. தெளிந்த தண்ணீர், விடாமல் விழுந்தது.

"வருது!" என்று ஸ்டெல்லா கத்திவிட்டாள். "வருது சார், வருது!"

"வருதுங்களா?"

நாச்சிமுத்து தலையைத் தூக்கப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. சின்னப் பிள்ளை முகம்.

"நெசமாவே வருதுங்களா சாமி? என்னுதுங்களா?"

தியேட்டரில் இருந்த சந்தோஷம் சட்டென்று அடங்கியது. ஸ்டெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிகாமணி மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவள் நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆப்பரேஷன் முடியும் மட்டும் மனுஷன் சந்தோஷமாகப் படுத்திருப்பார். சிகாமணிக்கு வாய் வரைக்கும் வந்தது.

"இல்லைங்க," என்றார். "அது நாங்க ஊத்தின தண்ணி. குழாய் உங்க நீர்ப்பை மேல படுது, அதான் உங்களுக்கு அப்படி முட்டுது. உங்க கிட்னி திரும்ப வராதுங்க. ஆனா இந்தக் குழாய் வேலை செய்யும்."

நாச்சிமுத்து மேலே விளக்கைப் பார்த்தார். கண்ணோரம் வழிந்தது. துடைக்கக் கை வராது, துணிக்கு அடியில் இருக்கிறது. ஸ்டெல்லா துடைத்துவிட்டாள்.

"அது தெரியுமுங்க," என்றார். "முன்னெல்லாம் வண்டி ஓட்டறப்ப இது வந்தாச் சனியன்னு திட்டுவேனுங்க. அடக்கிட்டு அடக்கிட்டு அடுத்த டோல்கேட் வரைக்கும் போவேன். இப்ப இப்படி முட்டறது எவ்வளவு நல்லா இருக்குது தெரியுங்களா."

சிகாமணியின் கையில் நூல் கோத்த ஊசியைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கினார். உடனே போடவில்லை. மறுபடி குனிந்தார்.

"இங்கேயே கட்டிடட்டுங்களா?"

"கட்டுங்க சாமி," என்றார் நாச்சிமுத்து. "மெதுவாவே கட்டுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."